மாலை போட்ட வீட்டு நாய்

எங்கள் கால்நடைத் துறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற எங்களையும் மரியாதைக்காக அதில் சேர்த்திருக்கிறார்கள். காலையில் பூப்படம், மாலையில் சுற்றறிக்கை என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம் நான் இருக்கும் ஆலங்காயத்தில் நாய் குளிப்பாட்டுவதற்கென்றே ஒரு கடை திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, வாரம் ஒரு குளியல் என்று மாதாந்திரத் திட்டம் வேறு. அந்த விளம்பரத்தைக் குழுவில் போட்டு ஒரு பெண் கேட்டிருந்தாள்: "சார், நீங்க மலையிலயே காலத்த ஓட்டினவரு. நாய எத்தினி நாளைக்கு ஒருதபா குளிப்பாட்டணும்? ஜனங்க கேட்டுனே கீறாங்க. ஒரு வரியில சொல்லுங்க சார்."

ஒரு வரியில் சொன்னேன். நல்ல தோல் உள்ள நாட்டு நாய்க்கு மாதம் ஒரு குளியல் தாராளம், சேற்றில் புரண்டால் அன்றைக்கே, மனிதர் போடும் சோப்பு ஆகாது, முழுக்கக் காயவேண்டும். கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. ஆனால் எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. கேட்பவர் எந்த ஊர், இது எந்த மாதம், வீட்டில் வெயில் விழும் இடம் உண்டா, நாய் எங்கே படுக்கிறது என்று எதுவும் தெரியாமல் ஒரு எண்ணைத் தூக்கிக் கொடுப்பதில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் மேலே உள்ள வரியோடு போய்விடலாம்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்தவன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மாடு, ஆடு, கோழி என்று வரிசையாக வரும். நாய் என்றால் வெறிநோய்த் தடுப்பூசி, அதோடு பாடம் முடிந்தது. பிறகு ஜவ்வாது மலைக்குப் போட்டார்கள். தண்டனை இடம் என்று நண்பர்கள் துக்கம் விசாரித்தார்கள். நானும் மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். கொடுத்தபோது போக மனம் வரவில்லை.

மலையில் நாயைக் குளிப்பாட்டும் வழக்கமே கிடையாது. சாமைக் கொல்லைக்குள் பன்றி இறங்காமல் பார்ப்பதும், காட்டுக்குள் ஆட்டோடு போவதும் நாயின் வேலை. "நாய்க்கு எதுக்கு சார் குளியலு? அதுக்கு மழ கீது, ஓட கீது" என்பார்கள். அது பெரிய தப்பும் இல்லை. வெயிலில் ஓடுகிற நாயின் தோலில் ஓர் எண்ணெய்ப்பசை இருக்கும், அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கீழே ஆலங்காயம் பக்கம் கதை வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் வெள்ளை பொமரேனியனைக் குழந்தை சோப்புப் போட்டுத் தினமும் குளிப்பாட்டி, பவுடர் அடித்து, "இவ்ளோ சுத்தமா வெச்சிருந்தும் சொறியுது சார்" என்று தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார். சுத்தமாக வைத்திருப்பதால்தான் சொறிகிறது என்று சொன்னதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு என் சட்டை கசங்கியிருந்தது உறுத்தியிருக்கும்.

அந்த ஆண்டுகளில் எனக்கு மேல் இருந்தவர் டாக்டர் ஷாஹிதா. வாணியம்பாடிக்காரர். குடும்பமே தோல் வியாபாரம். "எங்க அத்தா கழட்டின தோலப் பாத்து வெல சொல்வாரு. நான் மாட்டியிருக்கிற தோலப் பாக்குறேன். அவ்ளோதான் வித்தியாசம்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். சிரிக்காமல் சொல்வார் என்பதால் சிரிக்கலாமா கூடாதா என்று அவர்கள் தவிப்பார்கள்.

நாய் வந்தால் அவர் முதலில் பார்க்கமாட்டார், மோந்துதான் பார்ப்பார். குட்டை முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நாயின் காதைத் திருப்பி, மூக்கை அதன் பக்கம் கொண்டுபோவார். எனக்கு முதல் சில மாதங்கள் குமட்டியது. பிறகு நானும் மோந்தேன். காதில் சீழ் இருந்தால் ஒரு வாடை, தோலில் பூஞ்சை இருந்தால் வேறு வாடை. அடுத்து, முடியை வளர்ந்த போக்குக்கு எதிராக இரண்டு கட்டைவிரலால் பிரித்துக்கொண்டே முதுகு நெடுகப் போவார். ஈரக் காகிதத்தைக் கீழே பிடித்து முடியை உதறுவார். விழுகிற கறுப்புத் துகள் காகிதத்தில் சிவப்பாகக் கசிந்தால் தெள்ளுப்பூச்சி, கசியாவிட்டால் வெறும் மண். விரல் இடுக்கை விரித்துப் பார்ப்பார். கடைசியில்தான் பிளேடு. தோலை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைப்பார். இவ்வளவும் முடியும்வரை நாயோடு வந்தவரிடம் பேச்சே இருக்காது. முடிந்த பிறகு ஒரே கேள்வி: "கடசியா எப்ப குளிப்பாட்டினீங்க?"

குளிப்பாட்டுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். உச்சி வெயிலில்தான் குளியல். இளஞ்சூட்டு நீர். காதில் பஞ்சு. கழுத்திலிருந்து வால் பக்கமாக நனைக்க வேண்டும், முகத்துக்கு ஈரத்துணி போதும். மருந்து நுரை தோலில் கொஞ்ச நேரம் ஊறவேண்டும். கழுவும்போது விரலுக்கடியில் வழுக்கல் தீரும்வரை கழுவவேண்டும். துடைக்கும்போது தேய்க்கக்கூடாது, துணியை அழுத்தி எடுக்கவேண்டும். அப்புறம் வெயிலில் சாக்கு விரித்து நாயோடு உட்காரவேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் அவர் வந்து நாயின் அக்குளில் புறங்கையை வைப்பார். ஈரம் தட்டினால் வீட்டுக்கு அனுப்பமாட்டார். "குளிப்பாட்டுறது கால் மணி நேர வேல. காய வைக்கிறது அர நாள் வேல. அர நாள் இல்லாதவங்க நாயக் குளிப்பாட்டக் கூடாது" என்பார்.

இனி செவலையின் கதைக்கு வருகிறேன்.

செவலை ஒரு நாட்டு நாய். கோவிந்தன், பச்சையம்மாள் தம்பதியின் வீட்டு நாய். கொஞ்சம் நிலம், கொஞ்சம் ஆடு உள்ள குடும்பம். ஒரு ஆண்டு நெல்லிக்காய்க் காலத்தில் காட்டுக்குள் பச்சையம்மாளைக் கரடி அடித்துவிட்டது. குட்டியோடு இருந்த கரடி. செவலை அதன் பின்னங்காலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. கரடி திரும்பி நாயை அடித்த நேரத்தில் அந்த அம்மாள் சரிவில் உருண்டு தப்பித்தார். தலையில் தையல், இடது தோள் அதன்பிறகு மேலே தூக்க வரவில்லை. நாய்க்கு ஒரு காது பாதி போயிற்று. மலை முழுக்க அப்போது இதே பேச்சாக இருந்தது.

அடுத்த கார்த்திகையில் கோவிந்தன் செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, செருப்பில்லாத கால். மலைக்கோயிலுக்கு நடந்து போவதாக வேண்டுதல். மாலை போட்டவரை ஊரில் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடவேண்டும், கட்டிய மனைவி உட்பட. அவரும் எல்லோரையும் சாமி என்பார். அந்த வீட்டில் குரல் உயரக்கூடாது, அவர் பேச்சுக்கு மறுபேச்சு கூடாது. பச்சையம்மாள் நான்கடி பின்னால் நின்றார்.

நாய் வாசலுக்கு வரும்போதே வாடை வந்துவிட்டது. நாள்பட்ட எண்ணெய்ச் சட்டியைத் திறந்ததுபோல ஒரு சிக்கு நாற்றம். வயிற்றிலும் அக்குளிலும் முடி உதிர்ந்து, தோல் எருமைத் தோலைப்போலக் கறுத்துத் தடித்திருந்தது. முதுகில் மஞ்சளும் திருநீறும் ஈரத்தில் குழைந்து அப்பியிருந்தன. டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தார், மோந்தார், பிரித்தார், சுரண்டினார், மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சொறிப் பூச்சி இல்லை. நிலக்கடலை வடிவத்தில் பூஞ்சை மட்டும் கூட்டம் கூட்டமாக இருந்தது. என்னையும் பார்க்கச் சொன்னார்.

"கடசியா எப்ப குளிப்பாட்டினீங்க சாமி?"

"இன்னிக்கு வெடியகாலம், டாக்டர் சாமி."

"அதுக்கு முன்ன?"

"நேத்து வெடியகாலம்."

"அதுக்கும் முன்ன?"

"மால போட்ட நாள்லருந்து தெனம்தான் சாமி. நான் குளிக்கிற சுனையிலயே. சோப்பு போட்டு, மஞ்ச பூசி, துண்ணூறு வெச்சி."

"அப்புறம் எங்க படுக்கும்?"

"பூஜ பண்ற எடத்து வாசல்ல. அதுக்குத்தான் சுத்தமா வெக்கிறேன்."

கார்த்திகை, மார்கழியில் எங்கள் மலையில் காலைப் பனி விலகுவதற்கே நேரமாகும். துவைத்துப் போட்ட துணி மறுநாள்வரை சில்லென்று இருக்கும். அந்தக் குளிரில் விடிகாலையில் நனைந்த நாய் காய்வதற்குள் அடுத்த விடிகாலை வந்துவிடும். ஈரத்தில் பூஞ்சை வளரும், பூஞ்சையால் நாறும், நாறுகிறதே என்று இன்னும் அழுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். டாக்டர் இதைப் பொறுமையாக விளக்கினார். முடியை வெட்டிவிடலாம், மருந்து தருகிறேன், வாரம் ஒருமுறை உச்சி வெயிலில் இந்த முறைப்படிக் குளிப்பாட்டுங்கள், மற்ற நாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றார்.

"இவ்ளோ நேரம் ஈரத்தோட இருந்தா நமக்கே ஆகாது இல்லியா சாமி?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஈரத் துணியோட நிக்கிறதுதான் சாமி விசேஷம்" என்றார் கோவிந்தன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் வாதத்தில் தோற்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வந்தபோது நாய் இன்னும் மோசமாக இருந்தது. கோவிந்தன் எல்லாவற்றுக்கும் "சரி சாமி" என்றார், முடி வெட்ட விட்டார், மருந்தை வாங்கிக்கொண்டார். நான் வெளியே கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பச்சையம்மாள் பக்கத்தில் வந்தார்.

"சாமி இன்னும் தெனம் குளிப்பாட்டுது சார். வெடியகாலம் நான் ஏந்துக்கறதுக்குள்ள இட்டுனு பூடுது. அது நடுங்கறத பாத்தா எனக்கு வவுறு எரியுது."

"நீங்க சொல்லக்கூடாதாம்மா?"

"மால போட்டவங்ககிட்ட எப்டி சார் எதுத்துப் பேசறது? எதுனா ஆய்டுச்சினா என்னாலன்னு ஆய்டும்."

ஆடுகள் பட்டியிலேயே அடைந்து கிடக்கின்றன என்றும் சொன்னார். செவலை இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்க அவருக்குத் தைரியம் இல்லை. நாய் செத்தால் ஆட்டை விற்றுவிட்டுக் கூலிக்குப் போகவேண்டியதுதான், தூக்க வராத அந்தத் தோளோடு. எனக்குக் கோவிந்தன்மேல் நல்ல கோபம் வந்தது. பக்தி என்றால் அவரே குளிக்கட்டும், நாயை ஏன் படுத்தவேண்டும் என்று டாக்டரிடம் பொரிந்தேன். அவர் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார். யார் கோபப்பட்டாலும் அவரிடமிருந்து வருவது அந்த ஒரு சொல்தான்.

மூன்றாவது முறை கோவிந்தன் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார், பின்னால் பச்சையம்மாளும். வெளியே எதிரில் இருப்பவர் தெரியாத பனி. நாயால் நிற்க முடியவில்லை. தோல் பல இடங்களில் வெடித்து நீர் கோத்திருந்தது, உடம்பு கொதித்தது. நான் காலைப் பிடித்துக்கொள்ள டாக்டர் நரம்பைத் தேடி ஊசி ஏற்றினார், குளுகோஸ் பாட்டிலைச் சன்னல் கம்பியில் மாட்டினார். புண்ணைத் துடைத்தோம். சாக்கை அடுப்பருகே காட்டிச் சூடாக்கி மேலே போர்த்தினோம். இன்னும் ஒரே ஒருமுறை இதன்மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் பிழைக்காது என்று எனக்கே தெரிந்தது.

எல்லாம் முடிந்து டாக்டர் முக்காலியைக் கோவிந்தன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்திராத ஒரு கேள்வி அப்போதுதான் வந்தது.

"சாமி, எத்தன நாளைக்கு ஒருதடவ குளிப்பாட்டுறீங்கன்னு கேட்டேன். ஏன் குளிப்பாட்டுறீங்கன்னு நான் கேக்கவே இல்ல. ஏன்?"

"சுத்தம்தான்" என்றார்.

"அப்புறம்?"

கோவிந்தன் நாயின் பக்கம் திரும்பினார். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இவள ஆஸ்பத்திரில உள்ள தூக்கினு போய்ட்டாங்க. ரத்தம் நிக்கல, எதுவும் சொல்றதுக்கில்லன்னுட்டாங்க. நான் வெளிய நின்னுனு சாமிகிட்ட கேட்டேன். உனக்கு ஒரு உசுரு வேணும்னா நாய எடுத்துக்கோ, இவள உட்டுடுன்னேன். நேந்துகினேன். இவள உட்டுட்டான். வூட்டுக்கு வந்து பாத்தா காது பிஞ்சி கெடந்த நாயும் பொழச்சிகினு வாலாட்டுது. அப்ப அவனுக்குச் சேர வேண்டியது பாக்கி கீது இல்ல சாமி? எப்ப வந்து எடுப்பானோன்னு ஒரு வருசமா எனக்குத் தூக்கமில்ல. அதான் மால போட்டேன். தெனம் குளிப்பாட்டி அவன் எதுரவே படுக்க வெச்சி, இத்தயும் உட்டுடுன்னு கேட்டுனு கீறேன். நாளுக்கு நாள் இது தேயுது. அவன் எடுத்துக்கிறான்னு தோணுது. எடுத்துக்கிறவன்கிட்ட ஊசி போட்டு மல்லுக்கட்ட முடியுமா? நல்லா குளிப்பாட்டினா ஒருவேள மனசு எறங்குவான்னு..."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது, அந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. சொட்டிக்கொண்டிருந்த குளுகோஸைச் சரிசெய்வதுபோல எழுந்து திரும்பி நின்றுகொண்டேன்.

"யோவ்."

பச்சையம்மாளின் குரல். மாலை போட்ட நாளிலிருந்து சாமி என்று மட்டுமே கூப்பிட்டு, அவருக்கு எதிரே ஒரு சொல் பேசாமல் இருந்தவர்.

"யாரக் கேட்டுய்யா நேந்துகின?"

கோவிந்தன் நிமிர்ந்து பார்த்தார்.

"இது எங்க அம்மா வூட்லருந்து நான் மடியில போட்டு எடுத்தாந்த குட்டி. நீயா வாங்கியாந்த? ஆடு உன்னுது, கொல்ல உன்னுது. நாய் என்னுது. என்னுத நீ எப்டி எடுத்து நேந்துக்குவ? பக்கத்து வூட்டு சேவல நேந்துகினா சாமி வாங்குமா? சொல்லு, வாங்குமா?"

மலையில் யாரைக் கேட்டாலும் வாங்காது என்றுதான் சொல்வார்கள். நேர்ந்துவிடுகிற ஆடோ கோழியோ நேர்ந்தவருக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். இரவல் உயிரைக் கொண்டுபோய் நிறுத்தினால் பூசாரி திருப்பி அனுப்பிவிடுவார், ஊர் கைகொட்டிச் சிரிக்கும். கோவிந்தனுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு வருடமாக அவருக்கு அது தோன்றவில்லை, பயத்தில் இருந்தவருக்கு எப்படித் தோன்றும்?

"வாங்காது" என்றார் மெதுவாக.

"அப்ப அவன் வாங்கவும் இல்ல, உனக்கு பாக்கியும் இல்ல. என்னைய அவன் சும்மாதான்யா உட்டான்."

கோவிந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பச்சையம்மாள் அவரைத் தேற்றவில்லை. நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, சாக்கை விலக்கி, தூக்க வருகிற கையால் அதன் தாடையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் முக்காலியை அவர் பக்கம் நகர்த்தி, மருந்து எப்படி, தண்ணீர் என்ன சூடு, துணியை எப்படி அழுத்தி எடுப்பது, எங்கே புறங்கை வைத்துப் பார்ப்பது என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் சொன்னார்.

"அப்ப நான் இன்னாதான் பண்றது?" என்றார் கோவிந்தன். குரல் சின்னதாக இருந்தது.

"நீ நடந்து போய்ட்டு வா. நான் பொழச்சதுக்கு நட. இது பொழைக்கறத நான் பாத்துக்கறேன்."

செவலை சில நாள் எங்கள் மருந்தகத்துச் சாக்கிலேயே கிடந்தது. காய்ச்சல் விட்டதும் பச்சையம்மாள் வந்து அழைத்துப்போனார். கோவிந்தன் மண்டலம் முடித்து, மலைக்கு நடந்துபோய், மாலையைக் கழற்றிவிட்டுத் தை பிறந்த பிறகு ஒருநாள் பிரசாதத்தோடு வந்தார். டாக்டருக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுத்தார். நாயைக் கொண்டுவரவில்லை. எங்கே என்று டாக்டர் கேட்டார்.

"அவகூட ஆடு மேய்க்கப் போயிருக்குதும்மா. முடிலாம் மொளச்சிடுச்சி" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "எங்க, கிட்டவே உட மாட்றா. ஆசையா தொடப்போனா, கை காஞ்சி கீதான்னு கேக்குறா."